பாட்டில்லாத நாற்பத்தொரு தட்டுகள்

என்னிடம் நாற்பத்தொரு இசைத்தட்டுகள் இருக்கின்றன. ஒன்றில்கூடப் பாட்டு கிடையாது. எல்லாமே விளம்பரம். எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்கள் காலடியில் வைத்து மிதிப்பார்களே ஒரு சின்ன இரும்புப் பெட்டி, அதை விற்பதற்காக வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒரு காலத்தில் இலவசமாகக் கொடுத்த தட்டுகள். முதலில் ஒருவர் இங்கிலீஷில் ஏதோ சொல்வார். பிறகு கிட்டாரில் ஒரு சின்ன மெட்டைச் சும்மா வாசிப்பார்கள். பிறகு அதே மெட்டைப் பெட்டியை மிதித்துக்கொண்டு வாசிப்பார்கள். நன்றாக இருந்த மெட்டு தகர டப்பாவுக்குள் மாட்டிய குளவி மாதிரி ஆகிவிடும். அந்தச் சத்தம் வேண்டுமென்றால் பெட்டியை வாங்கு, அவ்வளவுதான் செய்தி.

இவை எனக்குக் கிடைத்தது திருவொற்றியூரில், பிளாஸ்டிக் அரைக்கிற ஒரு யூனிட்டில். தொண்ணூறுகளின் கடைசி. அங்கே என்னோடு வேலை பார்த்த ஓர் அக்காவின் மூன்று விரல்கள் இந்தத் தட்டுகளால் போயின. தட்டுகளால் என்று எழுதுவது எனக்கு வசதியாக இருக்கிறது. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். அதற்குப் பிறகு எந்த வேலையிலும் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றதில்லை. காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன். யானைக்கவுனியில் துணி மூட்டை தூக்கினேன். கொஞ்ச நாள் ஒரு மெல்லிசைக் குழுவில் ஸ்பீக்கர் பெட்டி சுமந்தேன். அந்தக் குழுவின் கிட்டார்காரரிடம் சிவப்புப் பெயின்ட் உரிந்த ஒரு மிதிப்பெட்டி இருந்தது. கல்யாண மண்டபத்துக்குப் போனதும் முதலில் அதைத்தான் துணியிலிருந்து பிரிப்பார். ஒரு நாள், தூசியாக இருக்கிறதே என்று ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டேன். பளாரென்று ஓர் அறை விழுந்தது.

"கஸ்மாலம், கரண்டு பொட்டிய ஈரத்துணில தொடைக்கிறான் பாரு. உன் மூஞ்சியத் தொடச்சிக்கோ, அதுதான் கலீஜா கீது."

அடி வாங்கிய பிறகுதான் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். அவர் காலை வைத்ததும் மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்குவார்கள். காலை எடுத்ததும் மறுபடி சாம்பாருக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. குழு கலைந்தது. நான் திருவொற்றியூருக்கு வந்தேன்.

எண்ணூர் போகிற சாலையிலிருந்து ரயில்பாதைப் பக்கம் உள்ளே தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகைதான் யூனிட். துறைமுகத்தில் இறங்குகிற கன்டெய்னர்களில் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவு மூட்டை மூட்டையாக வரும். வயர் உறை, பைப், மழைக்கோட்டு, கையில்லாத பொம்மை. நான் சேர்ந்த வருஷம் இசைத்தட்டுகள் வர ஆரம்பித்தன. அந்த நாட்டுக்காரர்கள் சி.டி.க்கு மாறி வீட்டைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார்கள் போல. நாங்கள் அவற்றைக் கறுப்புத் தூளாக அரைத்துச் செருப்புக் கம்பெனிகளுக்கு அனுப்புவோம். அடிப்பாகம் செய்வார்கள்.

இசைத்தட்டின் நடுவில் பேப்பர் லேபிள் ஒட்டியிருக்கும். அந்தப் பேப்பர் தூளில் கலந்தால் செருப்பு பொரபொரவென்று உடையும், கம்பெனி மூட்டையோடு திருப்பி அனுப்பிவிடும். அதனால் அரைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தட்டின் நடுவையும் எடுத்துவிட வேண்டும். தரையில் ஒரு மரக்கட்டை, அதன்மேல் தட்டு, தட்டின்மேல் வாய் தீட்டிய இரும்புக் குழாய், சுத்தியலால் ஒரே அடி. லேபிள் வட்டமாகத் தெறித்து விழும். சாயங்காலத்துக்குள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்துவிடும்.

மெல்லிசுத் தட்டுகள் வேறு ரகம். பத்திரிகைக்குள் வைத்துக் கொடுத்தவை, காகிதம் மாதிரி வளையும். அவற்றில் பேப்பர் லேபிள் கிடையாது. எழுத்தையும் படத்தையும் பிளாஸ்டிக் மேலேயே அச்சடித்திருப்பார்கள். அக்கா அவற்றுக்கு அப்பளம் என்று பேர் வைத்திருந்தாள். தடித்தவை தோசைக்கல். தோசைக்கல் எங்கள் சுத்தியலைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். அப்பளத்துக்கு அடி வேண்டாம். மூட்டையிலிருந்து நேராக மெஷின் வாய்க்குப் போய்விடும். அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மெஷின் வாயில்தான் காப்பாற்ற முடியும்.

முதல் அப்பளத்தை நான் பார்த்தது தற்செயல். மூட்டை பிரித்தபோது காலடியில் வழுக்கி விழுந்தது. அதில் ஒரு ஷூ போட்ட கால், காலுக்குக் கீழே ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து மின்னல். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாது, செருப்புக் கட வெளம்பரமா? அங்கியும் செருப்பு, இங்கியும் செருப்பா?"

"இல்லக்கா. கிட்டார் பொட்டி. நான் ஆர்க்கெஸ்ட்ரால பாத்துகீறேன்."

"ஆமா, பெரிய மூசிக் டைரக்டரு. போய் மூட்டையப் பிரி."

அக்காவுக்கு என்னைவிட எட்டு வயது கூட. வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு வீடு, புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண். இரண்டு வருஷம் அந்தத் தூசியில் நின்றதில் இருமல் நிரந்தரமாகியிருந்தது. ராயபுரத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர் வேலைக்கு எழுதிப்போட்டிருந்தாள். ஆடி முடிந்ததும் டிரையலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மெஷினில் உட்காரவைத்து ஒரு பாக்கெட் தைக்கச் சொல்வார்கள், நேராக வந்தால் வேலை. அதற்காகப் பக்கத்து வீட்டுத் தையல் மெஷினில் நூல் கோக்காமல், செய்தித்தாளில் இரண்டு பத்திக்கு நடுவில் இருக்கும் கோட்டின்மேல் ஓட்டிப் பழகுவாள். ஓட்டை விழுந்த பேப்பரைக் கொண்டுவந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பாள்.

"பாரு. எங்கியாவது கோணிக்கினு கீதா?"

எங்கேயும் கோணியிருக்காது. அவளுக்கு இருந்த பயமெல்லாம் விரலைப் பற்றித்தான். சுத்தியல் தவறினால் குழாயைப் பிடித்திருக்கிற இடது கைமேல் விழும். எங்கள் எல்லாருக்கும் இடது கையில் ஒரு நகமாவது கறுத்திருக்கும். "டிரையலுக்குப் போற அன்னிக்கு வெரலு வீங்கிகினு போனா, துணியக் கூட தொட வுடமாட்டானுங்க" என்பாள்.

மெஷினில் நின்று தட்டு போட்டுக்கொண்டிருந்தவன் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேறு வேலை கிடைத்துப் போனான். அன்றைக்கு நான்தான் கேட்டேன்.

"அக்கா, சுத்தியல என்கிட்ட குடு. உன் பங்கையும் சேத்து நான் அடிக்கிறேன். நீ மெஷின்ல நில்லு."

"இன்னாத்துக்கு இம்மாம் பாசம்?"

"அப்பளம் வந்தா கொஞ்சம் பாத்து எடுத்து வை. கால் படம், பொட்டி படம் போட்டது மட்டும்."

"அதான பாத்தேன். காரியம் ஆவணும்னா அக்கா."

சிரித்துக்கொண்டேதான் சுத்தியலைக் கொடுத்தாள். மெஷினில் நிற்பவர் கையில் ஒரு கட்டை இருக்கும். தட்டைப் போட்டுக் கட்டையால் தள்ளினால் போதும், கையை உள்ளே விட வேண்டியதில்லை. சுத்தியலைவிட அதுதான் விரலுக்குப் பத்திரம் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். மெஷின் வாயில் ஒரு மூடித் தகடு இருக்க வேண்டும். திறந்து, போட்டு, மூடி என்று வேலை மெதுவாகிறதென்று முதலாளி அதை நான் சேர்வதற்கு முன்னாலேயே கழற்றிச் சுவரோரம் படுக்கப் போட்டிருந்தார். அதன்மேல்தான் எங்கள் சாப்பாட்டுத் தூக்குகளை வைப்போம்.

அடுத்த நான்கு மாதத்தில் அக்கா எனக்காக முப்பதுக்கும் மேல் எடுத்துக் கொடுத்தாள். பல மூட்டைகளில் ஒன்றுகூட இருக்காது. ஒரு மூட்டையில் ஐந்தாறு வரும். தபால் அட்டையிலேயே வரி கீறி இசைத்தட்டாகச் செய்தது ஒன்று வந்தது. அதன் மறுபக்கம் யாரோ யாருக்கோ எழுதிய விலாசம். நான் வண்ணாரப்பேட்டையில் பழைய சாமான் கடையிலிருந்து, பெட்டி மாதிரி மூடுகிற ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கினேன். மெல்லிசுத் தட்டு எடையில்லாததால் முள் வைத்தால் வழுக்கும். நடுவில் ஒரு ரெண்டு ரூபாய் நாணயத்தை வைத்தால் நிற்கும். தண்டையார்பேட்டையில் என் அறையில் காலையில் குளிப்பதற்கு முன் இரண்டு போடுவேன். இங்கிலீஷ் எழுத்தில் இருந்த கம்பெனிப் பேர்களை எனக்கு வாசிக்க வராது, அதனால் சத்தத்தை வைத்துப் பிரித்தேன். குளவி, தண்ணி, அழுவாச்சி. அழுவாச்சி வகைதான் அதிகம். ஒரு தட்டில் வாசிக்கிறவர் தப்பாக ஒரு கம்பியைத் தொட்டுவிட்டு லேசாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதை நிறைய தடவை போட்டேன். நான் கிட்டார் தொட்டதில்லை. எந்தப் பெட்டியையும் மிதித்ததும் இல்லை. எனக்கு எதற்கு இது என்று கேட்டால், அந்த அறையில் என்னுடையது என்று சொல்ல வேறெதுவும் இல்லை என்பதைத் தவிரப் பதில் தெரியாது.

ஒரு கம்பெனித் தட்டுகளில் மட்டும் ஓரத்தில் பெரிதாக எண் இருந்தது. ஒன்று முதல் ஆறு வரை. எனக்கு நாலாம் எண் மட்டும் கிடைக்கவில்லை. அக்காவிடம் தினமும் சொல்வேன். "மஞ்சக் கலரு, நாலு போட்டது." அவளும் காலையில் வந்ததும், "இன்னா நைனா, நாலு வந்துச்சா?" என்று அவளே கேட்டு அவளே சிரிப்பாள்.

அது ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டுக்கு முன்னால். டிரையலுக்குப் பத்து நாள் இருந்தது. உடைந்த தட்டின் ஓரம் பிளேடு மாதிரி வெட்டும் என்பதால் நாங்கள் எல்லாரும் பழைய வேட்டியைக் கிழித்து விரல்களில் சுற்றிக்கொள்வோம். அக்கா அந்த வாரம் இரண்டு சுற்று கூடவே சுற்றியிருந்தாள். அப்பளம் மெஷினுக்குள் சட்டென்று இறங்காது. பிளேடு சுற்றுகிற காற்று அதை மேலே தூக்கும். வாயிலேயே நின்று படபடவென்று ஆடும். கட்டையால் அமுக்கினால்தான் போகும். அன்றைக்கு அக்கா அமுக்கவில்லை.

"தம்பி! நாலு! நாலு கீதுடா!"

நான் திரும்பினேன். அவள் வலது கையில் கட்டை இருந்தது. இடது கையால் எட்டித் தட்டைப் பிடித்தாள். பிடித்தும்விட்டாள். சுற்றியிருந்த துணியின் நுனி அவிழ்ந்து தொங்கியது. அதுதான் முதலில் உள்ளே போனது.

சுவிட்ச் சுவரோரம், மூட்டைகளுக்குப் பின்னால். மூட்டைமேல் ஏறிக் குதித்துப் போய் அணைத்தேன். அணைத்த பிறகும் பிளேடு நிற்க நேரம் எடுக்கும். அந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

வாசலில் நின்ற ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் அவளை உட்காரவைத்து மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு ஓடினோம். கையில் அவளுடைய முந்தானையையே சுற்றியிருந்தேன்.

"எவ்ளோ போச்சி? டேய், எவ்ளோ போச்சின்னு சொல்லு."

"ஒண்ணும் இல்லக்கா."

"பொய் சொல்லாதடா. கட்ட வெரலு கீதா? அத்த சொல்லு."

கட்டைவிரல் இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயிருந்தன. மோதிர விரலில் ஒரு கணுதான் மிச்சம்.

அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அவளுடைய செருப்பையும் தூக்கையும் எடுக்க யூனிட்டுக்குத் திரும்பி வந்தேன். மெஷின் வாயின் விளிம்பில் அந்த மஞ்சள் தட்டு கிழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. நாலுதான். அதைத் துடைத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் மெஷின் ஓடியது. முதல்நாள் அரைத்த தூளை யாரும் தனியாக எடுத்து வைக்கவில்லை. மற்றதோடு மூட்டையாகி அதுவும் செருப்புக் கம்பெனிக்குப் போனது.

இரண்டு நாள் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் எழுதிய ஒரு தாள் இருந்தது. மெஷினில் மூடித் தகடு இருந்தது, அந்தப் பெண் தானாகவே அதைத் தூக்கிக் கையை விட்டாள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்று இருந்தது.

"நீ எட்டாங்கிளாஸ் படிச்சவனாச்சேப்பா. படிச்சிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடு."

"தகடு சுவத்தாண்ட கெடக்குதே சார்."

"கெடந்துச்சு. இன்னிக்கிப் போட்டாச்சு." தாளை என் பக்கம் தள்ளினார். "அவ இன்னாத்துக்குக் கைய வுட்டான்னு நானும் எழுதலாம். அந்தத் தட்டுங்க யார் ரூமுக்குப் போவுதுன்னும் எழுதலாம். சரக்க எடுத்துகினு போறதுக்கு வேற பேரு கீது. எழுதட்டா?"

கையெழுத்துப் போட்டேன். போலீஸ் பயம், வேலை போகும் என்கிற பயம் என்று பிறகு நிறையக் காரணம் யோசித்திருக்கிறேன். அந்த நிமிஷத்தில் மனதில் வந்தது என் கட்டிலுக்குக் கீழே இருந்த சூட்கேஸ் மட்டும்தான். அறைக்கு வந்து அதைத் திறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா என் அறைக்கு வந்தாள். இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். டிரையல் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. கம்பெனியில் போய்ச் சொல்லி வேறு நாள் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். டீ வாங்கிவந்தேன். குடித்து முடித்துவிட்டு, "அந்த நாலு எங்க?" என்றாள்.

இல்லை என்று சொல்லலாமா என்று யோசித்தேன்.

"நீ எடுத்துகினு வந்திருப்ப. எனக்குத் தெரியும். போடு, கேக்குறேன்."

சூட்கேஸைத் திறந்து எடுத்தேன். நடுவில் நாணயம் வைத்து முள்ளை இறக்கினேன். ஒருவர் இங்கிலீஷில் பேசினார். கிட்டார் கொஞ்சம் வாசித்தது. மறுபடி பேசினார். அதே மெட்டு, அழுவாச்சி வகை. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாட்டு எப்ப வரும்?"

"பாட்டு வராதுக்கா."

"வராதுன்னா?"

"இது வெளம்பரம். அந்தப் பொட்டிய வாங்கச் சொல்லி."

தட்டு முடிந்து முள் உள்வட்டத்தில் கரகரவென்று சுற்றியது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டி உன்கிட்ட கீதா?"

"இல்ல."

"கிட்டாரு?"

"இல்லக்கா."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. முள்ளைத் தூக்கி வைக்கச் சொன்னாள். பிறகு, "கவர்மெண்டு தொழிற்சாலை ஆபீஸ்ல கேஸ் எழுதிக் குடுத்துகீறேன். தகடு இல்லன்னு நீ வந்து சொல்லணும்" என்றாள்.

"நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எதுல?"

"தகடு இருந்துச்சின்னு."

"எழுதுனதப் படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டுப் போட்ட."

அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். "நாளிக்கி பத்து மணிக்கு வா. அதுவும் இருந்துட்டுப் போவுது, இதயும் சொல்லு."

மறுநாள் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், தட்டு எடுத்ததையும் சேர்த்து. எழுதிக்கொண்ட குமாஸ்தா, முதலாளி முன்பே அனுப்பியிருந்த தாளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் உன் கையெழுத்துதானேப்பா?"

"ஆமா சார்."

"இதுல எது பொய்?"

"மொதல்ல போட்டது."

"அப்போ பொய் எழுதிக் குடுக்குற ஆளுன்னு நீயே சொல்ற. ஒரு பொய் சொன்னவன் ரெண்டாவதும் சொல்ல மாட்டான்னு நான் எப்பிடி எழுதறது?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே எப்படி எழுதுவதென்று தெரியாமல்தான் கேட்டார். அதிகாரி போய்ப் பார்த்தபோது மெஷினில் தகடு இருந்தது, பச்சைப் பெயின்ட் அடித்து. என் இரண்டு தாள்களும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. வேறு சாட்சி இல்லை. அங்கே இருந்த மற்றவர்கள் ஒன்றும் பார்க்கவில்லை என்றார்கள், அவர்களுக்கும் வீடு இருக்கிறது. கேஸ் நின்றுபோனது. நான் ஆபீஸில் சொல்லிவிட்டு வந்த அன்றைக்கே முதலாளி என்னை இனி வேலைக்கு வரவேண்டாம் என்றார்.

தட்டுகளை நான் தூக்கிப் போடவில்லை. உடைத்திருக்கலாம், கடலில் வீசியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இதை எழுதும்போது கொஞ்சம் நல்லவனாகத் தெரிவேன். செய்யவில்லை.

டிரையல் அன்றைக்கு அக்காவோடு ராயபுரம் வரைக்கும் போனேன். துணைக்கு வா என்று அவள் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். லாரிகள் துறைமுகத்துக்கு வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெளியே வந்தபோது அவள் கையை முந்தானைக்குள் மறைக்காமல் வந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"பாக்கெட்டு தைச்சேன். உள்ளங்கையால துணிய அமுக்கிகினே ஓட்டுனேன். சூப்பர்வைசரு ஸ்கேல வெச்சிப் பாத்தான். நேரா கீதும்மான்னான்."

"அப்புறம் இன்னா?"

"மணிக்கி இத்தினி பாக்கெட்டுன்னு கீதாம். நான் பாதிகூட வரலியாம்." இருமல் வந்தது. நின்று இருமி முடித்தாள். "நூலு வெட்டுற வேல குடுத்துகீறான். தைச்சி வர்றதுல தொங்குற நூல வெட்டணும். அதுக்கு ஒரு கை போதுமாம். நின்னுகினே செய்யணும்."

"சரின்னுட்டியா?"

"பின்ன இன்னா செய்யச் சொல்ற?"

டீ வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். மிச்சமிருக்கிற பாதி நாளுக்கு இப்போதே நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், வீட்டில் பெண்ணுக்குச் சொல்லிவிட முடியுமா என்று கேட்கத்தான் வெளியே வந்தாளாம்.

"சொல்லிட்டு நீ உன் வேலையப் பாத்துகினு போ. நாளிக்கி இங்க வந்து நிக்காத."

சரி என்றேன். அவள் சாலையைக் கடந்தாள். கேட்டில் இருந்த ஆள் அவள் பையைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டான்.